நஸீமா மிஸ் எடுத்த இரண்டு லீவு

அன்றைக்கு அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லக் கொஞ்சம் முந்தி பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. நான் கிணற்றடியில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். தொழுகை நேரமில்லாத நேரத்தில் லவுட்ஸ்பீக்கர் கரகரத்தால், எங்கட ஊரில் எல்லாரும் கையில் உள்ளதை வைத்துவிட்டுக் காது கொடுப்போம்.

"ஜனாஸா அறிவித்தல். ஹனீபா அவர்களின் மனைவியும், மர்ஹூம் அலியார் அவர்களின் மகளுமான ஸித்தி நஸீமா அவர்கள் வபாத்தானார்கள்."

எனக்கு முதல் பேரிலேயே விளங்கிவிட்டது. முதல் நாள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவங்க. நல்ல செய்தி வரும் என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தோம். இன்னாலில்லாஹி என்று சொல்லிக்கொண்டே எழும்பினேன்.

ஆனால் ரோட்டில் நின்ற ஆக்களுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுபைதா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எந்த ஹனீபாட பொண்டாட்டிகா? கடைக்கார ஹனீபாவா?" என்று கேட்டாள். பள்ளியிலும் ஆக்கள் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் லவுட்ஸ்பீக்கர் திரும்பவும் கரகரத்தது. "நம்மட மிட்வைஃப் மிஸ்" என்று மட்டும் சொன்னார்கள்.

அதோடு ஊர் எழும்பியது. சுபைதா அடுப்பில் இருந்த சோற்றைக்கூட இறக்காமல் ஓடினாள். அவளுடைய பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் ஊசி போட்டது மிஸ்தான்.

நான் ஆமினா. கிளினிக் கட்டடத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. கூட்டுவேன், தண்ணீர் கொதிக்க வைப்பேன், வாற பொம்புளைகளை மர வாங்கில் வரிசையாக இருத்துவேன். பெரிய படிப்பு இல்லை. மிஸ்ஸைப் பற்றி எழுதத் தெரிந்த ஆக்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மிஸ் எப்படி வேலை செய்தாங்க, எப்படி இளைத்துப் போனாங்க என்பதைக் கிட்ட இருந்து கண்டவள் நான். அதனால் எழுதுகிறேன்.

மிஸ் முதன் முதல் எங்கட கிளினிக்குக்கு வந்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மெலிந்த உடம்பு. வெள்ளைச் சாரி, வெள்ளை முக்காடு. லேடீஸ் சைக்கிளின் கரியரில் தராசைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாங்க. சொந்த ஊருக்கே வேலை கிடைத்தது என்று அவங்கட வாப்பா அலியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எங்கட பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். அப்படி மருதமுனையில் இருந்து ஹனீபா வந்து சேர்ந்தார். எனக்கு அவர் காக்கா, அண்ணன் மாதிரி. மிஸ் பிறந்த வளவிலேயே வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்து, பிறந்த ஊரிலேயே வேலை செய்தாங்க. எல்லாரும் அதைப் பெரிய பாக்கியம் என்று சொன்னோம். மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தாங்க.

அந்தக் காலத்துக் கிளினிக் நாளை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வரும். பிள்ளையைத் தராசில் போடுவதற்கு முந்தி மிஸ் கையில் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிறை சொல்லுவாங்க. பிறகு தாய்மாரிடம், "நான் சொன்ன நிறை சரியெண்டா நீங்க எனக்கு இனிப்பா வட்டிலப்பம் அவிச்சித் தரணும்" என்பாங்க. பிழைத்துப் போனால், "தராசுக்குத்தான் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுத் தராசைத் தட்டுவாங்க. பொம்புளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாங்க.

மாமிமார் கூட வந்தால் இன்னும் பகிடி. பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைத்த ஒரு மாமி ஒரு நாள் மாட்டிக்கொண்டா.

"ஏன் மாமி தேன் வெச்சீங்க?"

"நாவு இனிப்பா வரத்தான் மிஸ். எங்கட மகனுக்கும் வெச்சதுதான்."

"ஒங்கட மகன்ட நாவு இனிப்பா? மருமகள்ட்டக் கேப்பமா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். மாமியும் சிரித்துவிட்டா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆறு மாதம் ஆகும்வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. ஏசினால் கேட்காத சனம், பகிடிக்குக் கேட்டது.

ஊசி போட்டு முடிந்ததும் அழுகிற பிள்ளையைத் தாயிடம் உடனே கொடுக்கமாட்டாங்க. நெஞ்சோடு அணைத்து, உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் கொடுப்பாங்க. "இந்த வாசத்துக்குத்தான் ஆமினா நான் இந்த வேலைக்கு வந்த. சம்பளம் ஹனீபாட வயலுக்கு உரம் வாங்க" என்று சொல்லுவாங்க.

சுனாமிக் கடல் ஊருக்குள் வந்த வருசம் முகாம் முகாமாக நடந்தாங்க. கொரோனா நேரம் ஊரே அடைபட்டுக் கிடந்தபோது, முகமூடி போட்டுக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிமாரின் கேற்றடியில் நின்று கதைத்தாங்க. அந்த நேரத்தில் எல்லாம் களைத்துப் போவாங்க. ஆனால் அது வேறு களைப்பு. ஒரு நாள் படுத்து எழும்பினால் போய்விடும். சிரிப்பு அப்படியே இருக்கும்.

களைப்பு உள்ளுக்குள் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

பக்கத்துப் பிரிவில் இருந்த மிஸ் பென்சன் போனா. அவட இடத்துக்கு ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த பிரிவில் இருந்த பிள்ளை, குடும்பத்தோடு வெளிநாடு போனா. அந்த இடத்துக்கும் ஆள் இல்லை. "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்க" என்று இரண்டையும் எங்கட மிஸ்ஸின் தலையில் வைத்தார்கள். கொஞ்ச நாள் என்பது முடியவே இல்லை. ஒரு ஆளுக்கு மூன்று ஆளுடைய வேலை. சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்தது. ஸ்கூட்டியோடு சேர்ந்து போனும் வந்தது.

போன்தான் பெரிய வேலை. முந்தியெல்லாம் மிஸ்ஸிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றால் நடந்து வர வேண்டும். நடந்து வருவதற்குள் பாதிக் கேள்வி மறந்து போகும். இப்போது குந்தின இடத்தில் இருந்து கேட்கலாம். பிள்ளை தும்மினால் போன். பிள்ளை தும்மவில்லை என்றாலும் போன். பிள்ளை இருந்த மலத்தைப் படம் எடுத்து அனுப்பி, "மிஸ் இந்த நிறம் சரியா?" என்று கேட்பார்கள். மிஸ் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பாங்க. பார்த்துவிட்டுப் பதில் சொல்லுவாங்க. பிறகு சோறு இறங்காது.

வேறு ஊர் மிஸ் என்றால் நாலு மணிக்கு பஸ் ஏறிப் போய்விடுவா. எங்கட மிஸ் எங்கே போவது? வீடு ஊருக்கு நடுவில். ஊரில் பாதிப் பேர் சொந்தம். கேற்றில் நிற்கிறது சாச்சியாக இருக்கும், மச்சியாக இருக்கும், வாப்பாவுடன் ஒன்றாகப் படித்தவரின் மகளாக இருக்கும். "இப்ப ஏலாது, நாளைக்கு வாங்க" என்று சொன்னால், அடுத்த கல்யாண வீட்டில் அது கதையாக வரும். அதிகாரிகள் கொடுத்த பாரம் ஒரு பங்கு என்றால், நாங்கள் அன்பு என்று சொல்லி வைத்த பாரம் இன்னொரு பங்கு. அவங்கட கையால் ஊசி போட்டால்தான் காய்ச்சல் வராது என்று சனம் நம்பியது. உதவிக்கு ஒரு புது மிஸ் வந்து நின்றபோதும், "நாங்க எங்கட மிஸ் வரும்வரைக்கும் இருக்கிறம்" என்று பிள்ளைகளோடு வாங்கில் குந்திக்கொண்டார்கள். அந்தப் புது மிஸ் சும்மா இருந்தா. எங்கட மிஸ் மூன்று ஊருக்கும் ஓடினாங்க.

முதலில் தலையிடி என்றாங்க. பிறகு வயிறு எரிகிறது என்றாங்க. மாதத்துக்கு ஒரு தரம் தடிமன் காய்ச்சல். பிறகு நித்திரை இல்லை. "படுத்தா உடம்பு கிடக்கு, தல கிளினிக்குக்குப் போயிடுது" என்று ஒரு நாள் சொன்னாங்க. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிறஷர் ஏறியது. மற்றவங்களுக்குப் பிறஷர் பார்க்கிற பொம்புளை, தனக்குப் பார்க்க நேரம் இல்லாமல் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே அடுத்த பிள்ளையின் கார்ட்டை வாசிப்பாங்க.

ஒரு நாள் சந்தியில் ஸ்கூட்டியை நிப்பாட்டிக்கொண்டு நின்றாங்க. நான் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன்.

"என்ன மிஸ், ஸ்கூட்டி பழுதா?"

"இல்ல ஆமினா. எங்கயோ போறத்துக்குத்தான் வெளிக்கிட்டன். எங்க எண்டு தெரியல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாங்க. நானும் சிரித்தேன். ஆனால் அவங்கட கண் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள், ஊசித் தவணையை விட்ட ஒரு சின்னப் பொம்புளையைப் பிடித்து ஏசினாங்க. பகிடியாக இல்லை, உண்மையாகவே ஏசினாங்க. அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. எல்லாரும் போன பிறகு மிஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாங்க. தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்காமல் இருக்கத்தான் திறந்தது.

வெளியே வந்து வாங்கில் குந்தினாங்க. "ஆமினா, ஒனக்கிட்ட ஒண்டு சொல்றன். ஆருக்கும் சொல்லாத" என்றாங்க.

"சொல்லுங்க மிஸ்."

"புள்ளயத் தூக்கினா எனக்கு ஒண்டும் தோணுதில்ல. அரிசிப் பையத் தூக்கின மாதிரி இரிக்கி."

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மிஸ் பிள்ளைகளின் தலையை மணந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நிறை சொல்லிப் பந்தயம் பிடிப்பதும் இல்லை. தராசில் போட்டு, எழுதி, ஊசி குத்தி, அடுத்த ஆள் என்று கூப்பிடுறாங்க. வேலை பிழை இல்லை. ஆனால் வேலைக்குள் மிஸ் இல்லை.

நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்குத்தரிடம் போனேன். டாக்குத்தர் எல்லாம் கேட்டார். சோதித்தார். "இது சோம்பலும் இல்ல, பைத்தியமும் இல்ல. நெடுங்காலம் ஓய்வில்லாம வேலை செய்த மனசு இப்படித்தான் தீஞ்சு போகும். பிறகு உடம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மருந்து பாதி, ஓய்வு பாதி. கட்டாயம் லீவு எடுங்க" என்றார்.

ஊரில் வேறு பேர் வைத்தார்கள். "மிஸ்ஸுக்குக் கண்ணூறு பட்டுப்போச்சி" என்றார்கள். ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஓதின தண்ணீர் போத்தல் வந்தது. மிஸ்ஸின் பிரிட்ஜைத் திறந்தால் மீன் வைக்க இடம் இல்லை. "ஆமினா, இவ்வளவு தண்ணியையும் குடிச்சா எனக்கு நித்திர எங்க வரும், எழும்பி எழும்பிப் போகத்தான் நேரம் சரி" என்று மிஸ் சொன்னாங்க. ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய மிஸ் கதைத்த மாதிரி இருந்தது.

அப்படித்தான் முதல் லீவு எடுத்தாங்க.

இதை வெளியூர் ஆக்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கட ஊரில் ஒருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அவருக்கு வருத்தம், ஏதோ நோய் என்று அர்த்தம். வருத்தக்காரரைப் போய் விசாரிப்பது நன்மை. மிஸ்ஸை விசாரிப்பது என்றால் இரட்டை நன்மை. முதல் நாள் காலையிலேயே கேற்றில் ஆக்கள். மூன்று பிரிவில் இருந்தும் வந்தார்கள். ஆட்டோ பிடித்துக் குடும்பத்தோடு வந்தார்கள். கோழிச் சூப், அப்பிள், பிஸ்கட், செவ்விளநீர். மிஸ் படுக்கையில் இருந்து எழும்பி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்து குந்துவாங்க. வந்தவங்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று தேத்தண்ணி ஊற்றுவாங்க. நான் ஊற்றுகிறேன் என்றால், "ஒனக்குச் சீனி அளவு தெரியா" என்று எழும்பிப் போவாங்க.

வந்தவங்க சும்மா இருப்பாங்களா?

"மிஸ், ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல சாச்சி. கொஞ்சம் களப்பு."

"களப்பா? அதுக்கு நல்லா நித்திர கொள்ளணும் மிஸ். ஆக்கள வர வெச்சிக் கதைச்சிக்கிட்டு இரிக்கக் கூடா. மறுகா, வந்தது வந்திட்டம், இந்தப் புள்ளட காதுக்குள்ள ஒருக்காப் பாருங்களன்."

மிஸ் டோர்ச் லைட்டை எடுத்துக் காதுக்குள் பார்த்தாங்க.

ஹனீபா காக்கா கேற்றைப் பூட்டிப் பார்த்தார். ஆக்கள் பின்னால் குசினிப் பக்கம் வழியாக வந்தார்கள். "கேற்று பூட்டிக் கிடக்கே, மிஸ்ஸுக்குக் கடுமையோ" என்று பயந்துபோய் இன்னும் கூடுதலாக வந்தார்கள். ஒருத்தரிலும் பிழை சொல்ல முடியாது. எல்லாரும் நேசத்தில் வந்தவர்கள். அந்த லீவு முடிய முந்தியே மிஸ் வெள்ளைச் சாரியை உடுத்திக்கொண்டு கிளினிக்குக்கு வந்துவிட்டாங்க.

"ஏன் மிஸ், லீவு இருக்கே?"

"வீட்டவிட இஞ்ச வேல கொறவு ஆமினா. இஞ்ச தேத்தண்ணி ஊத்தத் தேவயில்ல."

அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சிரித்தோம்.

இரண்டாவது லீவு நாங்கள் களவாக எடுத்தது. ஹனீபா காக்கா சாகாமத்துப் பக்கம் வயல் செய்தார். வேளாண்மை விளைந்து வரும் காலத்தில் அங்கே வாடியில்தான் இருப்பார். குளக்கட்டுக்குக் கீழே, ஓலை வேய்ந்த சின்னக் குடிசைதான் அந்த வாடி. மிஸ்ஸை அங்கே கொண்டுபோவது என்று அவரும் நானும் பேசிக்கொண்டோம். ஊருக்கு, "சொந்தக்கார வீட்டுக்குப் போறாங்க" என்று மட்டும் சொன்னோம். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நானும் கூடப் போனேன்.

வாடிக்குப் போன முதல் நாள் மிஸ் படுத்தாங்க. பாயும் ஒரு தலையணையும்தான். லுஹருக்கு எழுப்பினேன். தொழுதுவிட்டுத் திரும்பவும் படுத்தாங்க. அஸருக்கு எழுப்பினேன். தொழுதுவிட்டுத் திரும்பவும் படுத்தாங்க. ஹனீபா காக்கா வரம்பில் நின்று எட்டிப் பார்த்து, "மூச்சு இரிக்கா ஆமினா?" என்று கேட்டார்.

"இரிக்கி காக்கா. குறட்டையும் இரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குறட்டயக் கேட்டு எவ்வளவு காலம்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நான் மிஸ்ஸோடு இருந்த நாட்களில் நல்ல நாட்கள். கதிர் முற்றி வயல் மஞ்சளாகக் கிடந்தது. குருவி வந்து விழும். மிஸ் பழைய தகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வரம்பில் ஓடித் தட்டிக் கலைப்பாங்க. செருப்பு சேற்றில் புதைந்து, ஒரு செருப்போடு திரும்பி வருவாங்க. குளத்து மீனைச் சுட்டுச் சம்பலோடு சாப்பிட்டோம். மிஸ் இரண்டாம் தரம் சோறு கேட்டாங்க.

"ஆமினா, இஞ்ச ஒருத்தருக்கும் நான் தேவயில்ல. எவ்வளவு சொகமா இரிக்கி, பாத்தியா?"

"எனக்குத் தேவ மிஸ்."

"ஒனக்கு நான் தேவயில்ல, கதைக்க ஒரு ஆள்தான் தேவ. அதுக்கு ஹனீபாவே போதும்."

பக்கத்து வயல்காரரின் பெண்சாதி ஒரு நாள் தண்ணீர் அள்ள வந்தா. இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. குடத்தைத் தூக்கக் கஷ்டப்பட்டா. மிஸ் ஆரென்று அவவுக்குத் தெரியாது. மிஸ் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாங்க. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாங்க. பிறகு குனிந்து, உச்சந்தலையில் மூக்கை வைத்தாங்க. இழுத்தாங்க. கண் கலங்கி என்னைப் பார்த்தாங்க.

"வந்திட்டுது ஆமினா" என்றாங்க.

அந்தப் பொம்புளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆரு மிஸ் வந்த?" என்று மிஸ்ஸிடமே கேட்டா. நான் மிஸ் என்று கூப்பிட்டதைக் கேட்டு, அவவும் அதையே பேராக நினைத்துக்கொண்டா.

இன்னும் கொஞ்ச நாள் அப்படி இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் வேறு. ஒரு நாள் காலையில் வரம்போரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. எங்கட ஊர் ஆட்டோ. உள்ளே இருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அவட உம்மா, மாமி, மாமியின் கையில் துணியால் கட்டின ஒரு சட்டி. எப்படித் தேடிப் பிடித்தார்களோ தெரியாது. நான் பயந்துபோய் ஓடினேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன ஆபத்தோ என்று.

"மிஸ் இரிக்காங்களா? ஒரே ஒரு கேள்விதான்" என்றா அந்த உம்மா. "எங்கட புள்ளைக்கு அன்னாசி ஆசையா இரிக்கி. சாப்பிடலாமா கூடாதா? மாமி கூடாது எண்டுறா, நான் கொஞ்சம் சாப்பிடலாம் எண்டுறன். மிஸ் சொன்னாத்தான் ரெண்டு பேருக்கும் மனம் ஆறும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்திருப்பேன். மிஸ் உள்ளே இருந்து கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாங்க. "கொஞ்சம் சாப்பிடலாம். முழு அன்னாசி வேணாம். மாமியும் ஒரு துண்டு சாப்பிடுங்க, அப்பதான் சண்ட தீரும்" என்றாங்க. சட்டிக்குள் வட்டிலப்பம் இருந்தது.

அதோடு போயிருந்தால் சரி. போக எழும்பும்போது மாமி ஒரு வார்த்தை சொன்னா. "நீங்க இல்லாம கிளினிக் ஒரே சண்ட மிஸ். ஒங்களுக்கு உதவிக்கு வந்த அந்தப் புது மிஸ்ஸ சனம் ஏசி, அந்தப் புள்ள நேத்து அழுதுக்கிட்டுப் போச்சி."

மிஸ்ஸின் முகம் மாறியது. சிரிப்பு நின்றது.

"ஆரு ஏசின?"

"எல்லாரும்தான் மிஸ். ஒங்கட கை மாதிரி வருமா?"

மிஸ் உள்ளே போய் உடுப்புப் பையை எடுத்தாங்க. நான் வாசலை மறித்து நின்றேன். "மிஸ், நீங்க போகக் கூடாது. இப்பதான் உங்கட உயிர் திரும்பி வந்திருக்கு" என்று சொன்னேன். ஹனீபா காக்காவும் வயலில் இருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். "நஸீமா, அது அவங்கட பாடு" என்றார்.

மிஸ் மெதுவாகத்தான் சொன்னாங்க. "அந்தப் புள்ளக்கி இருபத்தி நாலு வயசு. இப்பவே அழவெச்சா, என்ட வயசுக்கு வரக்குள்ள அவக்கிட்ட என்ன மிஞ்சும்?"

அதே ஆட்டோவில் ஏறிப் போனாங்க. பின்னால் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டே போனாங்க.

ஊருக்குப் போனதும் திரும்பவும் பழைய ஓட்டம். அந்தப் புதுப் பிள்ளை வேறு இடத்துக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டது. மூன்று பிரிவும் போனும் கேற்றும் எல்லாம் திரும்பி வந்தன. இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசிக் காலத்தில் மிஸ் பிள்ளைகளின் தலையைத் திரும்பவும் மணந்தாங்க. உடம்பு முடியாமல் போனாலும், சாகாமத்தில் கிடைத்ததை விடவில்லை. "அறுவடை முடிய இன்னொருக்காப் போவம் ஆமினா, இந்த முற ஆட்டோக்காரனுக்கும் சொல்லாம" என்று சொல்லிக்கொண்டிருந்தாங்க. அறுவடை முடிந்தது. போக நேரம் கிடைக்கவில்லை.

விழுந்த அன்றைக்கு வீட்டில் குந்தியிருந்து சாரி மடித்துக்கொண்டிருந்தாங்களாம். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேலையால்தானா என்று நான் அந்தப் பழைய டாக்குத்தரிடம் கேட்டேன். "அதால மட்டும்தான் எண்டு சொல்ல ஏலாது. பிறஷர் இருந்திச்சி, சீனி இருந்திச்சி. ஆனா நித்திரையும் ஓய்வும் கிடைச்சிருந்தா ரெண்டையும் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கலாம்" என்றார். நேர்மையான மனுசன். எனக்கு அந்தப் பதில் போதும்.

மையித்தைக் குளிப்பாட்டும்போது நானும் கூட நின்றேன். கையெல்லாம் வெளுத்து, நகம் ஒட்ட வெட்டி, எப்பவும் போல சுத்தமாக இருந்தது. முகத்தில் களைப்பு இல்லை. மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது ரோட்டில் இடம் இல்லை. பொம்புளைகள் நாங்கள் கேற்றடியில் நின்று பார்த்தோம். ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் ஒரு பிள்ளை.

போன கிழமை கிளினிக் திரும்பவும் திறந்தது. ஒரு புது மிஸ்ஸை அனுப்பியிருக்கிறார்கள். சாய்ந்தமருதுப் பிள்ளை. கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாள்தான் இருக்கும். அவவுக்கும் மூன்று பிரிவு. இன்றைக்குக் காலையில் வேலைக்குக் குந்தின பிள்ளை, லுஹர் வாங்கு சொல்லியும் எழும்பவில்லை. 

"மகள், எழும்புங்க. உள்ளுக்குப் பாய் போட்டிருக்கன். தொழுதிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் சரிஞ்சி எழும்புங்க."

"ஆக்கள் இரிக்காங்க உம்மா."

"ஆக்கள் எப்பவும் இரிப்பாங்க."

உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வாங்கில் இருந்து முணுமுணுப்பு வந்தது. "என்னகா, வந்த கிழமையே கதவச் சாத்துறா? எங்கட மிஸ் எண்டா இப்படிச் செய்வாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"செய்யமாட்டாங்க" என்றேன் நான். "அதனாலதான் போய்ச் சேர்ந்திட்டாங்க."

ஒருத்தி மட்டும் கோபித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகட்டும், நாளைக்கு வருவாள். மற்றவங்க பிள்ளைகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு இருந்தாங்க. கடல் காற்று வந்தது. அழுத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருந்த வேறொரு தாய் வாங்கி, வெளியில் கொண்டுபோய் ஆட்டினாள், உள்ளே சத்தம் கேட்கக் கூடாது என்று.

மிஸ், புது மணப்பெண் மாதிரி உறங்கு என்று மண்ணுக்குள் அடங்கின நல்லவங்களுக்குக் கபுரில் வானவராகிய மலக்குகள் சொல்லுவார்களாம். மௌலவி பயானில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி உறங்குங்க. அல்லாஹ் உங்கட கபுரை விசாலமாக்கி வைக்கட்டும். அங்கே ஆரும் வந்து கேற்றில் தட்டமாட்டார்கள். இங்கே இந்தப் பிள்ளை உள்ளே படுத்திருக்கிறது. நான் கதிரையைக் கதவோடு சேர்த்துப் போட்டுக் குந்தியிருக்கிறேன். அவவாக எழும்பி வரும்வரைக்கும் திறக்கமாட்டேன்.